கட்டிய பிறகும் நின்ற கடன்

கொக்கி என்கிறவன் கம்பெனிக்குத் தர வேண்டியிருந்தது பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. அதைக் கட்டிவிட்டான். ஒரு காசு குறையாமல், தவணை வரைக்கும் காத்திராமல், மொத்தமாகக் காசாளர் ஜன்னலில் எண்ணி வைத்துவிட்டான். இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். ஏனென்றால் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் இனிமேல் அவன் கட்டவில்லை என்று சொல்லப்போகிறார்கள்.

அவன் அந்தக் கிடங்கில் மூட்டை ஏற்றுகிற ஆள். பஞ்சுப் பொதியோ தானிய மூட்டையோ, இடுப்பில் செருகியிருக்கும் இரும்புக் கொக்கியை எடுத்துக் குத்தி இழுத்தால் முதுகுக்கு வந்துவிடும். நாளாவட்டத்தில் அந்தக் கொக்கியே அவன் பெயராகவும் ஆகிவிட்டது. ஏற்றுகிறவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஏறுகிற லோடுக்கு ஏற்ற கூலி, அன்றன்றைக்கு. அதனால் அவர்களில் யாராவது முன்பணம் கேட்டால் கம்பெனி ஒரு நிபந்தனை போடும். மாதச் சம்பளக்காரர் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். கடன் வாங்கியவன் ஒழுங்காக ஜன்னலில் வந்து கட்டவில்லை என்றால், சம்பள நாளன்று ஜாமீன்காரரின் சம்பளத்தில் கை வைப்பார்கள்.

மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தபோது கொக்கிக்கு ஜாமீன் நின்றவர் அவன் தங்கையின் கணவர். அதே கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். "மச்சான் கேட்டா கையெழுத்து என்ன, கையையே தருவேன்" என்று சொல்லித்தான் போட்டார். சொன்னது என்னவோ சிரித்துக்கொண்டுதான். ஆனாலும் மாப்பிள்ளையின் தலைக்கு மேல் தன் கடன் தொங்கிக்கொண்டிருப்பது கொக்கிக்குச் சாப்பாட்டில் கல் மாதிரி உறுத்தியது. பைக்கை விற்றான். ஓவர்டைம் லோடு எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்தான். மொத்தமாகக் கட்டி முடித்த அன்றைக்கு நடந்தே வீட்டுக்குப் போனான். கால் வலிக்கவே இல்லை.

சம்பள நாள் வந்தது. பொதிகளுக்கு நடுவே ஃபோர்க்லிஃப்ட் வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கவில்லை. எஞ்சினையும் அணைக்கவில்லை.

"மச்சான், ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க மாப்ள."

"கடனைக் கட்டிட்டேன்னு சொன்னீங்கல்ல?"

"கட்டிட்டேனே."

"முழுசா?"

"முழுசா. ஏன்?"

மாப்பிள்ளை சம்பளச் சீட்டை நீட்டினார். மூவாயிரம் பிடித்திருந்தார்கள். ஜாமீன் கணக்கில், கொக்கி பெயரில்.

கொக்கிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "எவனோ தூக்கத்துல தட்டிட்டான் மாப்ள. போய்ச் சொன்னா திருப்பித் தந்துடுவாங்க" என்றான். மாப்பிள்ளை தலையை ஆட்டினார். ஆனால் அந்த ஆட்டலில் நம்பிக்கை இல்லை. வண்டியைத் திருப்புகிற அவசரத்தில் ஒரு பொதியை வேறு இடித்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு இரவே தங்கை போன் செய்தாள். எப்போதும் அண்ணியைத்தான் முதலில் கேட்பாள். அன்றைக்குக் கேட்கவில்லை.

"அண்ணா, உன்னால முடியலைன்னு சொல்லியிருந்தா நாங்களே கட்டியிருப்போமே. கட்டிட்டேன்னு எதுக்கு அவர்கிட்ட பொய் சொன்ன? இப்ப நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவர்கிட்ட பேசறது?"

"ஏய், நான் கட்டிட்டேன்டீ. பைக் எங்க போச்சுன்னு நினைக்கிற? றெக்கை முளைச்சுப் பறந்துடுச்சா?"

"வித்ததை யாரு இல்லைன்னா? வித்த காசு எங்க போச்சுன்னுதான் தெரியலை."

போனை வைத்துவிட்டாள். கூடப் பிறந்தவளே இப்படிக் கேட்டுவிட்ட பிறகு தூக்கம் எங்கிருந்து வரும்? பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தான். மூட்டை தூக்குகிறவனுக்கு முதுகில் எதை ஏற்றினாலும் தாங்கும். பொய்யன் என்ற பேரை ஏற்றினால் தாங்காது.

மறுநாள் வேலைக்கு வந்ததும் ஆபீசுக்குப் போனான். ஆபீஸ் என்பது முற்றத்தின் ஓரமாக நீளமாகக் கிடக்கும் ஒரு கட்டடம். முன்பக்கம் பணம் வாங்குகிற ஜன்னல், பின்பக்கம் சம்பளம் போடுகிற ஜன்னல். இரண்டு அறைக்கும் நடுவில் கதவே இல்லாத ஒரு முழுச் சுவர். ஒரு காலத்தில் இந்த அறைக்காரரும் அந்த அறைக்காரரும் கூட்டுச் சேர்ந்து பணத்தைச் சுருட்டிவிட்டார்களாம். அதிலிருந்து அந்தச் சுவர். இவர்கள் அவர்களோடு பேசக் கூடாது, அவர்கள் இவர்களுக்குப் போன் செய்யக் கூடாது, எது என்றாலும் மேனேஜர் வழியாகத்தான் போக வேண்டும். திருட்டைத் தடுக்கக் கட்டிய சுவர், கடைசியில் உண்மையைத்தான் உள்ளே விடாமல் தடுத்தது.

முன் ஜன்னலில் காசாளரம்மா இருந்தார். பதற்றமில்லாத மனுஷி. கொக்கியின் நம்பரைத் தட்டினார்.

"உன் பேருல ஒண்ணும் இல்லையேப்பா. சைபர். நான்தானே எண்ணி வாங்கினேன்? கசங்கின நோட்டா கொண்டு வந்து என் கையை ஒடிச்சியே, ஞாபகம் இல்லையா?"

"அப்படிச் சொல்லுங்கம்மா! இதைப் பின்னாடி ஜன்னல்ல சொல்லிடுங்க."

"நான் அங்க பேசக் கூடாதுப்பா. நீயே போய்ச் சொல்லு."

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின் ஜன்னலுக்குப் போனான். சம்பளக் குமாஸ்தா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"பதினஞ்சாயிரத்து அறுநூத்தி நாப்பது நிக்குது."

"முன்னாடி சைபர்னு காட்டுதே சார்?"

"பதினெட்டாயிரத்துச் சொச்சம் இருந்துச்சு. தவணை வரலை. உன் மாப்பிள்ளைகிட்ட மூவாயிரம் புடிச்சேன். மிச்சம் இது. இதுல என்ன தப்பு?"

"தவணை எதுக்கு சார் வரணும்? மொத்தமும் கட்டியாச்சே!"

"அவங்க திரை அவங்களுக்கு. என் திரை எனக்கு."

மறுபடி முன்னால். மறுபடி பின்னால். அவன் நடையைப் பார்த்துவிட்டு லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், "என்னப்பா, செக்குல கட்டிட்டாங்களா உன்னை? எண்ணெய் வந்தா எனக்கும் கொஞ்சம் ஊத்து" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். கொக்கிக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கிறவன் சம்பளத்திலா பிடித்தார்கள்?

ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு மேனேஜரிடம் போனான். மேனேஜர் முற்றத்தில், லாரிகளுக்கு நடுவில், ஊருக்கே கேட்கிற குரலில் பதில் சொன்னார்.

"இங்க பாருப்பா, கம்பெனியில இருக்கறது ஒரே கம்ப்யூட்டர் கணக்கு. அது ரெண்டு பேச்சு பேசாது. மனுஷன்தான் ரெண்டு பேச்சு பேசுவான். ரசீதை எவன் வேணும்னாலும் அடிச்சுக்கலாம். என் காதுல பூ சுத்தாதே."

லாரி டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையும் ஃபோர்க்லிஃப்ட் மேல் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கொக்கிக்குக் காது மடல் வரைக்கும் கொதித்தது.

"நான் ரெண்டு பேச்சு பேசலை சார். உங்க ரெண்டு ஜன்னல்தான் பேசுது. அந்தம்மா திரையை நீங்களே போய்ப் பாருங்க."

மேனேஜர் வேண்டாவெறுப்பாகப் போய்ப் பார்த்தார். முன்னால் சைபர். பின்னால் பதினைந்தாயிரத்து அறுநூற்று நாற்பது. கொஞ்ச நேரம் அவர் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம்தான் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற கம்பெனிக்குப் போன் போட்டார்.

வந்தது ஒரு பெண். தோளில் பை, கையில் மடிக்கணினி, கண்ணில் தூக்கம். பழைய ஸ்டோர் ரூமில் ஏசி மாட்டி இரண்டு சர்வர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். நெடுநேரமாக விர்ரென்று ஓடுகிற காற்றாடிச் சத்தம். கொக்கி வாசலிலேயே நின்றான். அவனை யாரும் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, வெளியே போ என்றும் சொல்லவில்லை.

அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேசுகிற பழக்கம் இல்லை. மேனேஜர் கேட்டதும் சொன்னாள்.

"அடியில மூலக் கணக்கு ஒண்ணுதான் சார். ஆனா எல்லாத்துக்கும் அங்க போய்க் கேட்டா நேரமாகும். அதனால முன் ஜன்னலுக்கு ஒரு சர்வர், பின் ஜன்னலுக்கு ஒரு சர்வர். அடிக்கடி கேக்கற கணக்கை அதுங்க தன் நினைவுலயே வச்சுக்கும். கேஷ்னு சொல்லுவோம்."

"காசா?" என்றான் கொக்கி.

"காசு இல்லண்ணா, ஞாபகம். ஒண்ணுல கணக்கு மாறினா, 'இது மாறிடுச்சு, உன்கிட்ட இருக்கற பழசைத் தூக்கிப் போடு'ன்னு இன்னொண்ணுக்குச் சேதி அனுப்பணும். அப்பதான் ரெண்டும் ஒரே மாதிரி சொல்லும்."

தட்டித் தட்டிப் பார்த்தாள். முன் சர்வரில் சைபர். பின் சர்வரில் பதினைந்தாயிரத்து அறுநூற்று நாற்பது. அடியில் இருக்கிற மூலக் கணக்கிலும் அதே பதினைந்தாயிரத்து அறுநூற்று நாற்பது.

"ரெண்டு பேர் ஒரே மாதிரி சொல்றாங்க. ஒருத்தர் மட்டும் வேற மாதிரி. அந்த ஒருத்தர்கிட்டதான் தப்பு இருக்கும்" என்று சொல்லி முன் சர்வரை அணைத்துப் போட்டாள். அது எழுந்து வந்ததும், தன்னிடம் ஞாபகம் எதுவும் இல்லாததால், மூலக் கணக்கில் போய்க் கேட்டுக்கொண்டு வந்தது. காசாளரம்மா திரையிலும் சைபர் போய்ப் பதினைந்தாயிரத்து அறுநூற்று நாற்பது வந்து உட்கார்ந்தது.

கொக்கி பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் பக்கம் பேச இருந்த ஒரே சாட்சி, கண் முன்னால் பல்டி அடித்துவிட்டது.

"பாத்தியா?" என்றார் மேனேஜர். அதோடு விட்டாரா? காசாளர் ஜன்னலுக்குப் போனார். "ஏம்மா, நீங்கதான் எண்ணி வாங்கினேன்னு சொன்னீங்க. கணக்குல வரலையே. அப்ப அந்தப் பணம் எங்க?"

காசாளரம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. எத்தனையோ வருஷம் அந்த ஜன்னலில் உட்கார்ந்தவர். ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஞாபகம் இல்லை, கூட்டமாக இருந்தது, வேறு யாராவது கட்டியிருப்பார்கள். அதில் எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. "நான் வாங்கினேன். பேங்க்ல போட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார். குரல் நடுங்கியது, பேச்சு நடுங்கவில்லை.

அங்கேதான் கொக்கிக்குப் பொறுமை விட்டுப் போனது.

"நல்லா இருக்கு சார் உங்க நியாயம்! காலையில நான் திருடன். மத்தியானம் இந்தம்மா திருடி. சாயங்காலம் யாரு? எங்க மாப்பிள்ளையா? வெயில்ல முதுகு வெந்து சம்பாதிச்ச காசு சார். அந்தப் பெட்டியைத் தட்டி எழுப்பறதுக்கு முன்னாடி சரியாத்தான் சொல்லிக்கிட்டிருந்துச்சு. எழுப்பினதும் பேச்சு மாறுதுன்னா பெட்டியைக் கேளுங்க. எங்களை ஏன் கேக்கறீங்க?"

"கத்தாதே. லோடு நிக்குது, போ."

"நிக்கட்டும்."

ஸ்டோர் ரூம் வாசலில், படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். இடுப்புக் கொக்கியைக் கழற்றித் தரையில் வைத்தான். அவன் ஏற்ற வேண்டிய லாரி ஹாரன் அடித்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேனேஜருக்கு லாரி நிற்பதுதான் வலித்தது. உள்ளே போய் ஒரு தாளைத் தயார் செய்துகொண்டு வந்தார். குரலில் இப்போது தேன்.

"சரிப்பா. நீ கஷ்டப்படறவன். கம்பெனியும் கல்லு இல்லை. மிச்சத்தைத் தள்ளுபடி பண்ணிடறேன். இதுல கையெழுத்துப் போடு. உன் மாப்பிள்ளைகிட்டயும் இனிமே புடிக்க மாட்டோம். போதுமா?"

மாப்பிள்ளை அதற்குள் வண்டியை விட்டு இறங்கி வந்திருந்தார். "மச்சான், போட்டுடுங்க. ஒரு தலைவலி விட்டுது" என்று காதோரமாகச் சொன்னார்.

கொக்கி தாளை வாங்கினான். எழுத்துக்கூட்டித்தான் படிப்பான், மெதுவாக, உதடு அசையப் படிப்பான். ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டான்.

"வசூ... வசூலிக்க இயலாத கடன் எனக் கருதி... தள்ளுபடி செய்யப்படுகிறது." தலையை நிமிர்த்தினான். "வசூலிக்க இயலாத கடன்னா, குடுக்காதவன் கடன்னுதானே மாப்ள அர்த்தம்?"

மாப்பிள்ளை தாளை எட்டிப் பார்த்தார்.

"நான் இதுல கையெழுத்துப் போட்டா, கட்டலைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. இந்தம்மா பணத்தை எடுத்துட்டாங்கன்னும் ஆயிடும். உங்க மூவாயிரமும் போனது போனதுதான். வீட்டுல என் தங்கச்சி உங்களை நிமிர்ந்து பாக்க மாட்டா. இவரு பிச்சை போடறாரு, நான் கையேந்தணுமா? குடுத்தவனுக்கே தர்மமா?"

தாளை இரண்டாக மடித்து மேனேஜரிடமே நீட்டினான். மேனேஜர் வாங்கவில்லை. அதைப் படியிலேயே வைத்தான்.

உள்ளே அந்தப் பெண் தட்டுவதை நிறுத்தியிருந்தாள். இவ்வளவும் கேட்டிருக்கிறாள். "ரசீது நம்பர் சொல்லுங்கண்ணா" என்றாள்.

சொன்னான். தேடினாள். மீதித் தொகை ஓர் இடத்தில் இருந்தால், வரவு வேறோர் இடத்தில் இருக்குமாம். அங்கே பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது வரவு, அதே ரசீது நம்பரில், உட்கார்ந்திருந்தது.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். "கட்டியிருக்காரு சார். வரவு வந்திருக்கு. அன்னிக்கு மூலக் கணக்கும் சைபர் ஆகியிருக்கு. ஆனா பின் ஜன்னல் சர்வருக்கு அந்தச் சேதி போகலை. அது தன் ஞாபகத்துல இருந்த பழைய பதினெட்டாயிரத்தை வச்சுக்கிட்டு, மூவாயிரத்தைக் கழிச்சு, மிச்சத்தை மூலக் கணக்குல இருந்த சைபர் மேலயே எழுதிடுச்சு. முன் சர்வர் ஒண்ணுதான் உண்மை சொல்லிக்கிட்டிருந்துச்சு. அதை நான்தான் அணைச்சுட்டேன். ரெண்டு பேர் சொல்றாங்கன்னு நம்பிட்டேன்."

"அப்ப சரி பண்ணிட வேண்டியதுதானே?" என்றார் மேனேஜர், ஏதோ விளக்கு பல்பு மாற்றச் சொல்கிற மாதிரி.

"தொகையை மாத்தறது சுலபம் சார். சேதி ஏன் போகலைன்னு பாக்கலைன்னா நாளைக்கு இன்னொருத்தருக்கு ஆகும்."

ஒரு சோதனைக் கணக்கைத் திறந்தாள். முன் ஜன்னலில் ஒரு தொகை போட்டால் பின் ஜன்னலில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் இரண்டு ஜன்னலும் பேசிக்கொள்ளக் கூடாதே! சட்டத்தை மீற மேனேஜருக்கு மனசு வரவில்லை. கடைசியில் கொக்கியைக் கட்டடத்தின் மூலையில், இரண்டு பக்கமும் காது கேட்கிற இடத்தில் நிறுத்தினார்கள். லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய இரண்டு சர்வருக்கு நடுவில் மூட்டை தூக்குகிறவன் குரல்தான் கம்பி.

"பத்து போட்டாச்சு!" என்றார் காசாளரம்மா.

"பின்னாடி என்ன சார் காட்டுது?" என்று கத்தினான்.

"ஒண்ணும் இல்லை!"

"ஒண்ணும் இல்லையாம்மா!" என்று ஸ்டோர் ரூம் பக்கம் கத்தினான்.

"இப்ப பின்னாடி இருபது போடச் சொல்லுங்கண்ணா!"

"இருபது போடுங்க சார்!"

"போட்டாச்சு!"

"முன்னாடி என்னம்மா?"

"அதே பத்துதான்ப்பா!"

லோடு ஏற்றுகிறவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். "ஏலம் எவ்வளவுல நிக்குது?" என்றான் ஒருவன். "முப்பதுக்கு நான் எடுத்துக்கறேன்" என்றான் இன்னொருவன். இந்தத் தடவை கொக்கிக்கும் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. ஆனால் உடனே மறைந்தது.

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இரண்டு சர்வருக்கும் நடுவில் வழி அடைபட்டிருக்கிறதா? இல்லை. ஒன்று கூப்பிட்டால் இன்னொன்று பதில் சொல்கிறது. சேதி கிளம்புகிறதா? கிளம்புகிறது. போய்ச் சேருகிறதா? அதுவும் சேருகிறது. வாசல் வரைக்கும் வந்த சேதியை வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே குப்பையில் போட்டுக்கொண்டிருந்தது பின் சர்வர். முன் சர்வரும் அப்படியேதான் செய்தது.

"ஏன் போடுது?" அவள் தனக்குள் கேட்டுக்கொண்டாள். அமைப்புகளை ஒவ்வொரு வரியாக இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்துக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். நெற்றியில் கையால் அடித்துக்கொண்டாள்.

"ரெண்டுக்கும் ஒரே பேரு சார்."

"என்ன பேரு?"

"இந்தக் கூட்டத்துல நான் இன்னார்னு ஒவ்வொரு சர்வரும் தனக்கு ஒரு பேர் வச்சிருக்கும். அனுப்பற சேதியில அந்தப் பேரைப் போடும். தன் பேர் போட்ட சேதி தன்கிட்டயே சுத்தி வந்தா, இது நாம சொன்னதுதானேன்னு விட்டுடும். இங்க ரெண்டுக்கும் ஒரே பேரு. அது அனுப்பறதை இது தன் சேதின்னு நினைக்குது. இது அனுப்பறதை அது தன் சேதின்னு நினைக்குது. கேட்டும் கேக்காம இருந்திருக்கு."

"ஒரு பேருக்காகவா இவ்வளவு?" என்றார் மேனேஜர்.

அவளுக்கும் இப்போது சூடு ஏறிவிட்டது. "ஆமா சார். ரெண்டாவது சர்வர் உடனே வேணும்னு நீங்க குதிச்சப்போ, எங்க ஆள் முதல் சர்வரை அப்படியே நகல் எடுத்து வச்சுட்டுப் போயிட்டாரு. பேரை மாத்தலை. அது எங்க தப்பு. ஓடுதான்னு சோதிச்சுப் பாக்க நேரம் கேட்டோம். அதுக்குத் தனியா காசு தர மாட்டேன்னு சொன்னது நீங்க. வாராவாரம் ரெண்டையும் அணைச்சுப் போட்டுக்கிட்டிருந்தோம், அதனால பழைய ஞாபகம் துடைச்சுப் போயிடும், தப்பு வெளிய தெரியலை. லீவு நாள்லயும் லோடு ஓடுது, அணைக்காதீங்கன்னு நிறுத்தினதும் நீங்கதான்."

மேனேஜர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பெயரை மாற்றினாள். ஒன்றுக்கு ஒன்று வேறு. இரண்டையும் எழுப்பினாள். மறுபடி மூலையில் கொக்கி.

"முன்னாடி நாப்பது!"

"பின்னாடி... நாப்பது! அட, நாப்பதேதான்!" குமாஸ்தா கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கிக்கொண்டு கத்தினார்.

முற்றத்தில் கை தட்டினார்கள். கொக்கி தட்டவில்லை.

திரையைச் சரிபார்க்க அந்தப் பெண்ணும் மேனேஜரும் காசாளர் அறைக்குள் வந்தார்கள்; கொக்கி வாசலில் நின்றான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற காசாளரம்மா அவளிடம் மெல்லக் கேட்டார்: "அம்மாடி, வாரம் ஒரு தடவை அணைச்சாலும், சம்பளத்துக்கு முந்தின நாள் கட்டினவங்களுக்கு இப்படி ஆகியிருக்குமா?"

"அன்னிக்கே அணைக்கலைன்னா ஆகியிருக்கும்."

"அப்ப போன வருஷம் ஒருத்தர்... தார்ப்பாய் கட்டற ஆளு. முந்தின நாள்தான் கட்டினாரு. மறுநாள் அவர் ஜாமீன்காரர்கிட்ட புடிச்சுட்டாங்க. கத்தினாரு. கேட்டுல இருந்து வெளிய தள்ளிட்டாங்க."

அந்தப் பெண் மடிக்கணினியைத் திறந்தாள்.

"அவர் ரசீதையும் தேடும்மா" என்றான் கொக்கி. "சார், அவர் வீட்டுக்கு ஆள் அனுப்புங்க. போன் பண்ணாதீங்க. நீங்க போன் பண்ணா அவரு எடுக்க மாட்டாரு. நானா இருந்தா எடுக்க மாட்டேன்."

மேனேஜர் தலையசைத்தார். "சரி. உன் விஷயத்துக்கு வா. தள்ளுபடித் தாளைக் கிழிச்சுடறேன். கணக்கைச் சைபர் ஆக்கியாச்சு. போய் லோடைப் பாரு."

"எப்படி சார் போறது? முற்றத்துல நின்னு என்னைப் பொய்யன்னு சொன்னீங்க. ஆபீசுக்குள்ள வச்சு இல்லைன்னு சொல்றீங்க. சொன்ன இடத்துல வந்து சொல்லுங்க. காசாளரம்மாவையும் சேத்துச் சொல்லுங்க."

"அதெல்லாம் எதுக்குப்பா..."

"லாரி நிக்குது சார்" என்றான் கொக்கி.

வெளியே இரண்டாவது லாரியும் ஹாரன் அடிக்க ஆரம்பித்திருந்தது. மேனேஜர் புதிதாக ஒரு தாள் அச்சடிக்கச் சொன்னார். கொக்கி வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தான். மேனேஜர் முற்றத்துக்கு வந்தார். லோடு ஏற்றுகிறவர்கள், டிரைவர்கள், ஜன்னல் வழியாகக் குமாஸ்தா, படியில் கையைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண். மேனேஜர் தாளை முகத்துக்கு நேராகப் பிடித்து முணுமுணுத்தார்.

"சார், கேக்கலை!" என்று பொதி மேல் உட்கார்ந்திருந்தவன் கத்தினான். "திட்டும்போது அந்தக் கடைசி லாரி வரைக்கும் கேட்டுதே!"

மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "முன்பணம் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பதும் பெற்றவரால் முழுவதுமாகக் கட்டப்பட்டுவிட்டது. காசாளர் அதை முறையாக வரவு வைத்துள்ளார். தவறு கம்பெனியுடையது. ஜாமீன்தாரரிடம் பிடித்த மூவாயிரம் திருப்பித் தரப்படுகிறது."

காசாளரம்மா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு பணத்தை எண்ணி ஜன்னல் வழியாக நீட்டினார். மாப்பிள்ளை வாங்கிக்கொண்டு எண்ணாமலே பையில் வைக்கப் போனார்.

"எண்ணுங்க மாப்ள" என்றான் கொக்கி.

"எதுக்கு மச்சான்? இப்பதானே அவங்க எண்ணினாங்க."

"எண்ணுங்க. நேத்து என்னை நம்பலை. இன்னிக்கு இவங்களை மட்டும் எண்ணாம நம்புவீங்களா?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு எண்ணினார். சரியாக இருந்தது. போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார். "ஆமா, வந்துடுச்சு... ஆமா, கட்டிட்டாராம்... இல்லடீ, கட்டிட்டாராம் இல்லை. கட்டிட்டாரு." பிறகு போனை நீட்டினார். "மச்சான், உங்க தங்கச்சி. அழறா."

கொக்கி ஸ்டோர் ரூம் படிக்குப் போய்த் தரையில் கிடந்த இரும்பைக் குனிந்து எடுத்து இடுப்பில் செருகினான்.

"கொஞ்ச நேரம் அழட்டும்" என்றான். "கை அழுக்கா இருக்கு. லோடை ஏத்திட்டு நானே பேசறேன்."

பின் ஜன்னலில் குமாஸ்தா அவன் நம்பரைத் தட்டிப் பார்த்தார். சைபர். முன் ஜன்னலில் காசாளரம்மாவும் தட்டிப் பார்த்தார். அங்கேயும் சைபர்தான்.